நாட்டுத் துப்பாக்கிக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்: உள்துறைக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலர் அவர்களுக்கும், துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரம் பெற்ற மாவட்ட ஆட்சியர்கள், மாநகரக் காவல் ஆணையர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மத்திய மாவட்டம் ஒன்றின் கீழமை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். என்னிடம் வரும் வழக்குகளில் ஒரு வகை மட்டும் ஆண்டு தவறாமல் வருகிறது. முதல் தகவல் அறிக்கையைப் பிரித்துப் படிக்கவே வேண்டாம். ரோந்து போனபோது, ஏரிக்கரையில் சந்தேகத்துக்கு இடமாக நின்றவரை விசாரித்ததில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் கருமருந்தும் ஈய ரவையும் இருந்தன என்று எழுதியிருக்கும். நின்றவர் நரிக்குறவர். ஊரும் பெயரும் மட்டும்தான் மாறும்.

அந்தத் துப்பாக்கியை நீதிமன்ற மேசையில் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அதனால் சொல்கிறேன். நீளமான ஒற்றைக் குழல், கையால் செதுக்கிய மரக்கட்டை, இரண்டையும் சேர்த்து இறுக்கிய தகடும் கம்பியும். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்ட வேண்டும். அதன் மேல் தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ரவை, மறுபடி நார், மறுபடி இடி. கடைசியில் குதிரைக்கு, அதாவது சுத்தி போல வந்து அடிக்கும் பாகத்துக்குக் கீழே, கேப்பு என்ற சிறு வெடிமூடி. இத்தனையும் முடித்தால் ஒரே ஒரு தடவை சுடலாம். குறி தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குள் கௌதாரி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். மருந்தில் ஈரம் ஏறிவிட்டால் அந்த ஒரு தடவையும் இல்லை. போன நூற்றாண்டுக்கும் முந்தைய தொழில்நுட்பம் இது. முயலுக்கும் காடைக்கும் கொக்குக்கும் என்று அமைந்தது.

இதை வைத்திருப்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவு 2019இல் திருத்தப்பட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தாலோ, பழுது பார்த்தாலோ குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். நரிக்குறவர் குடியிருப்பில் தேய்ந்த குதிரையைக் கழற்றி மாட்டத் தெரியாத பெரியவரைப் பார்ப்பது அரிது. அப்பாவிடம் கற்ற கைவேலை அது. சட்டத்தின் எழுத்துப்படி அந்த வேலைக்கு ஆயுள் தண்டனை வரை இடமிருக்கிறது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தபோது நாடாளுமன்றத்தின் கண் முன்னே இருந்தவை ஆயுதக் கடத்தலும் திட்டமிட்டுக் குற்றம் செய்யும் கும்பல்களும். திருத்தத்திலேயே அவற்றுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஊசி, பாசிமணி விற்கும் குடும்பத்தின் தாத்தாவும் அதே பிரிவில் வந்து நிற்பார் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

தண்டனை கடைசியில் வருவது. அதற்கு முன்பே குடும்பம் நொறுங்கிவிடுகிறது. ஜாமீன் கிடைத்தாலும் பிணை கொடுக்க இரண்டு பேர் வேண்டும், அவர்களிடம் சொத்து வரி ரசீது வேண்டும். குடியிருப்பு முழுவதும் தேடினாலும் வரி ரசீது உள்ள வீடு கிடைக்காது. சென்ற ஆண்டு அப்படி ஒரு பெரியவர், ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் பிணைக்கு ஆள் கிடைக்காமல் வாரக்கணக்கில் உள்ளே இருந்தார். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் மணி விற்ற காசைச் சுருக்குப் பையிலிருந்து கொட்டி, "இது போதுமா சாமி, அவரை விட்டுருவாங்களா?" என்று கேட்டார். அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இருக்கவில்லை. பதில் உங்களிடம் இருக்கிறது என்பதால்தான் இந்த மடல்.

சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதே ஆயுதச் சட்டத்தின் 13(3)(அ) பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. வழங்கலாம் என்று அல்ல, வழங்க வேண்டும் என்று. 14(2) பிரிவு இன்னும் தெளிவானது. போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது. இந்த இரண்டு வரிகளையும் எழுதியவர்கள் ஏழை ஒருவரின் கையில் இருக்கும் நாட்டுத் துப்பாக்கியை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். வேறு யாருக்காக எழுதியிருப்பார்கள்?

நடைமுறை வேறாக இருக்கிறது. விண்ணப்பத்தோடு முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க இடம் உண்டு என்ற உறுதி, பயிர்ப் பாதுகாப்பு என்றால் நிலத்துக்கான தாள் எல்லாம் கேட்கிறார்கள். காவல்துறை அறிக்கை வர மாதங்கள் ஆகும். அப்பா காலத்து உரிமம் இருந்த சில குடும்பங்கள்கூட, அவர் இறந்த பிறகு அதைத் தங்கள் பெயருக்கு மாற்ற முடியாமல் விட்டிருக்கின்றன. உரிமம் போனது, துப்பாக்கி மட்டும் பரணில் கிடக்கிறது. அந்த நாளிலிருந்து அந்த வீடே ஒரு குற்ற நிகழ்விடம். உரிமம் உள்ளவர்களோ தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதில் யாரும் தவறியதில்லை. கட்டுப்பாட்டுக்குள் வர மறுக்கும் மக்கள் அல்ல இவர்கள்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். குடகு நாட்டில் கொடவர்களும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களும் துப்பாக்கி உரிமமே எடுக்க வேண்டியதில்லை. 1861இல் ஆங்கிலேயர் கொடுத்த விலக்கு அது. சுதந்திர இந்தியாவும் ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவின் கீழ் அதைத் தொடர்ந்து, 2019இல் மேலும் பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. கைல்போள்து திருநாளில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவதைப் பண்பாடு என்று நாமும் ரசிக்கிறோம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சீக்கியர் கிர்பான் என்ற குறுவாள் அணிவதை அரசமைப்பின் 25ஆவது உறுப்பே காக்கிறது. அதுவும் சரிதான். ஆனால் நிலமும் படைப் பெருமையும் உள்ள சமூகத்தின் துப்பாக்கி மரபாகவும், நிலமே இல்லாத சமூகத்தின் துப்பாக்கி குற்றமாகவும் இருப்பதை நான் ஏற்க முடியாது. 41ஆம் பிரிவு எந்த ஒரு வகுப்பாருக்கும் பொது நலன் கருதி விலக்கு தர மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. மாநில அரசு பரிந்துரைத்தால் போதும், பேச்சாவது தொடங்கும்.

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று பட்டியல்களைத் திருத்துவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965இலேயே சொன்னது. சேர்த்து அறிவிக்க 2023 ஜனவரி ஆனது. சாதிச் சான்றிதழ் வந்தது, பிள்ளைகளின் படிப்புக்கு வழி பிறந்தது, அது பெரிய விஷயம். ஆனால் ஒரு பழங்குடியின் வாழ்வில் எந்தப் பகுதி அவர்களைப் பழங்குடி ஆக்கியதோ, அந்தப் பகுதிக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரபுரிமைகள் பலவற்றைக் காத்துவிட்டு, வேட்டையாடும் உரிமையையும் கண்ணி வைக்கும் உரிமையையும் பெயர் சொல்லி விலக்கியது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 65ஆம் பிரிவில் நிகோபார் தீவுகளின் பழங்குடிகளுடைய வேட்டை உரிமைக்கு மட்டும் விலக்குத் தந்தது. மற்றவர்களுக்குக் கண்ணி வைப்பதும், பிடிப்பதும், பிடிக்க முயல்வதும்கூட வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கு அபராதம் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. மணி விற்கும் குடும்பம் ஒரு லட்சத்தை எங்கே பார்க்கும்?

இந்த இடத்தில் வனத்துறை நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கடமானும் காட்டுமாடும் நாட்டுத் துப்பாக்கியால்தான் சாகின்றன, இரவில் ரோந்து போகும் காவலரின் உயிருக்கும் அதனால் ஆபத்து என்பார்கள். உண்மை. கள்ளச் சந்தைக்குக் கறி விற்கும் கும்பலை யாரும் காப்பாற்ற வேண்டாம். காப்புக் காட்டுக்குள் வேட்டை கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கௌதாரி குறைந்துவருகிறது என்றால் அதையும் காக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆபத்து எண் இல்லாத, பதிவு இல்லாத துப்பாக்கியால் வருவது. குழலில் எண் பொறித்து, பதிவேட்டில் பெயர் எழுதி, ஆண்டுக்கொரு முறை காட்ட வேண்டிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு யாரும் கடமான் சுடப் போக மாட்டார்கள். உரிமம் மறுக்கும்போது துப்பாக்கி மறைவதில்லை, உங்கள் பதிவேட்டிலிருந்துதான் மறைகிறது.

வேட்டைத் திறனைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது முடியாத காரியமும் அல்ல. இதே தமிழ்நாட்டில் செய்து காட்டியிருக்கிறோம். பாம்புத் தோல் வியாபாரம் எழுபதுகளில் தடை செய்யப்பட்டபோது இருளர்களின் பிழைப்பு ஒரே நாளில் குற்றமானது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வனத்துறை அனுமதித்த அளவில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நேற்றுவரை குற்றவாளி என்று பிடித்த அதே கைகளுக்கு அரசு விருது கொடுத்தது.

இன்று ஊர்தோறும் விவசாயி கண்ணீர் விடுவது காட்டுப்பன்றியால். கடலையும் மக்காச்சோளமும் மரவள்ளியும் ஒரே இரவில் உழுத நிலம் மாதிரி ஆகிவிடுகின்றன. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசே ஆணை பிறப்பித்தது: காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். சுட வனத்துறையில் எத்தனை ஆள் இருக்கிறார்கள்? கேரளம் 2022இல் இந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு அழைத்துக்கொள்ளச் சொன்னது. வன உயிரினச் சட்டத்தின் 11(1)(ஆ) பிரிவு, பயிரை அழிக்கும் விலங்கை எழுத்து மூலம் அனுமதி பெற்றவர் சுட இடம் தருகிறது. அதையும் ஆயுதச் சட்டத்தின் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தையும் சேர்த்து வையுங்கள். ஊராட்சி கேட்கும்போது, வனச்சரகர் முன்னிலையில், பயிற்சி பெற்ற நரிக்குறவர் ஒருவர் கூலிக்கு வந்து இந்த வேலையைச் செய்ய முடியும். தடம் பார்ப்பதில், காற்றின் திசை பார்த்து உட்காருவதில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை. பன்றிக்கு வாய்வழித் துப்பாக்கி போதாது என்று வல்லுநர்கள் சொன்னால், ஏற்ற துப்பாக்கியை ஊராட்சியோ வனத்துறையோ வைத்துக்கொண்டு வேலை நாளில் மட்டும் கொடுக்கட்டும். எல்லோரும் இதைச் செய்ய வர மாட்டார்கள், இளைஞர்களில் பலருக்குத் துப்பாக்கியே வேண்டாம். வருகிறவருக்காவது கதவு திறந்திருக்கட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். திருச்சி மாவட்டத்துத் தேவராயனேரி போன்ற பெரிய நரிக்குறவர் குடியிருப்புகளில் தொடங்கி, ஆட்சியர் தலைமையில் வருவாய்த்துறை, காவல்துறை, வனத்துறை மூன்றும் ஒன்றாக உட்காரும் முகாம் நடத்துங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் அச்சமின்றி எடுத்து வரும்படி ஒரு காலக்கெடு கொடுங்கள், அந்தக் காலத்தில் கொண்டுவருபவர் மீது வழக்கு இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். வேண்டாம் என்பவரிடம் ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டும் என்பவருக்கு அங்கேயே விண்ணப்பம் எழுதி, அங்கேயே மருத்துவர் பார்த்து, அங்கேயே பயிற்சிக்குத் தேதி கொடுங்கள். நிலத்தாள் இல்லாதவருக்கு ஊராட்சியின் கடிதம் போதும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தாருங்கள், மேல்முறையீடு செய்ய அது வேண்டும். நரிக்குறவர் நல வாரியம் 2008லிருந்து இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டிய வேலைகூட உங்களுக்கு இல்லை.

நிலுவையில் உள்ள வழக்குகளையும் ஒரு முறை பாருங்கள். ஒற்றை நாட்டுத் துப்பாக்கி, வேறு குற்றம் எதுவும் இல்லை, விலங்கு எதுவும் சாகவில்லை என்ற வகையில் வருபவற்றைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தலாம். அப்படிப்பட்ட வழக்குகளில் எனக்குத் தெரிந்த எல்லா விவரங்களையும் கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு உங்கள் அலுவலகத்தில் தரத் தயாராக இருக்கிறேன். அழைப்பு வந்தால் கோப்புகளோடு வருகிறேன்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர்