சண்டேவுக்கு ஒரு கட்டு பாக்கி

எல்லோருக்கும் வணக்கம்.

ஏப்ரல் மழையில் எங்கள் சோதனை வயல் பாழானதைப் பலரும் படத்தில் பார்த்துவிட்டீர்கள். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. நேற்றுதான் வயல் முழுக்கப் பச்சை கட்டியது. பார்த்த கையோடு எழுதுகிறேன்.

முதல் நன்றி, கென்யாவின் ம்பிட்டா ஊரில் எங்கள் வயலுக்கு அடுத்த மேட்டில் இருக்கும் மாமாவுக்கு. (கென்யாவில் மாமா என்றால் அம்மா. நம் ஊர் மாமாக்கள் மன்னிக்க.) அவருக்கு முக்கால் ஏக்கர் நிலம், ஒரு பசு. பசு பெயர் சண்டே. பிறந்த கிழமை அது.

மழை விட்ட மூன்றாம் நாள், விடிந்தும் விடியாமலும், பெரிய துணி மூட்டையோடு வயல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவிழ்த்தால் அத்தனையும் டெஸ்மோடியம் கொடி!

தள்ளு-இழு முறை என்று உங்கள் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேனே, அதில் தள்ளுவது இந்தக் கொடிதான். மக்காச்சோளத்துக்கு ஊடே படரவிட்டால், தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சிக்கு இதன் வாசனை ஆகாது. ஓரத்து நேப்பியர் புல் பக்கம் போய்விடும். நம் கரும்பில் வரும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் பங்காளி ஒன்று இங்கே மக்காச்சோள வேரை உறிஞ்சும். அதன் விதையை முளைக்க வைத்து, வேரைப் பற்றவிடாமல் சாகடிப்பதும் இதே கொடி. பூச்சியியல் விஞ்ஞானி ஜெயாவுர் கான் குழுவினர் 1990களில் இந்த விக்டோரியா ஏரிக்கரையில் கண்டறிந்த சங்கதி. விதை விலை அதிகம், முளைத்து வரவும் நாளாகும். வெட்டிய கொடியை நட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் அது சண்டேவின் சாப்பாடு.

"பசுவுக்கு?" என்றேன். "பதினைந்து நாள் என்னை முறைப்பாள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பணம் நீட்டினேன், தொடவில்லை. என் கள நோட்டைக் காட்டி, "எல்லாவற்றையும் அதில் எழுதுகிறாயே, சண்டேவையும் எழுது" என்றார்.

புரட்டினேன். மழையளவு, புழு எண்ணிக்கை, சுடுமல்லி எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பசு விட்டுக்கொடுத்த தீவனத்துக்கு இல்லை. ஸ்கேல் வைத்து ஒன்று போட்டேன். தினமும் பால் கணக்கு சொல்வார். நான்கு லிட்டர் மூன்றானது, ஒரு நாள் இரண்டரை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் பேனா ஓடவில்லை.

அப்புறம், சேற்றில் பைக்கை இறக்கித் தள்ளிய போடா போடா (இங்கே பைக் டாக்ஸிக்குப் பெயர் அதுதான்) தம்பிகள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்த மெஸ் அக்கா, நைரோபியிலிருந்து பருப்புப் பொடி அனுப்பிய குடும்பம், கேட்காமலே எம்-பெசாவில் (இங்கத்திய மொபைல் பணம்) பணம் போட்ட நண்பர்கள், கோவையிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கும் போன் எடுத்த என் பேராசிரியர்... யாரையாவது விட்டிருந்தால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும். தேவையில்லை என்று யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன். கொடி அறுப்புக்கு வந்ததும் முதல் கட்டு மேட்டு வீட்டுக்குப் போகும், நானே சுமந்துபோவேன்.

இந்த ஊர் லுவோ மொழியில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த சொல் ஒன்றுதான், நன்றி. ஏரோகமானோ, மாமா.