எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பெயின்ட், நிக்கல் பூச்சு, சீட்டுத் தோல் என்று எல்லாம் விரிவாக இருந்தது. சாமான் எங்கிருந்து கிடைக்கிறது என்பதற்கு மட்டும் "தேடிப் பிடிக்கிறார்கள்" என்று ஒரே ஒரு வரி. எனக்கு மனசு அந்த வரியிலேயே நின்றுவிட்டது. என் சைக்கிளிலிருந்து திருடு போன முன்சக்கரமும் இப்படி யாரோ தேடிப் பிடித்ததாக எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம்.

நான் 34 வருடம் லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பது 1958-இல் செய்த ராலே சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக், பின்னால் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். அந்த ஹப்பின் மேலேயே ஏ.டபிள்யூ. என்ற எழுத்தோடு 58 என்றும் 4 என்றும் குத்தியிருக்கும். அதாவது 1958, ஏப்ரல். முன்சக்கரத்தில் இருந்தது அதே கம்பெனியின் டைனோஹப்.

டயரில் உரசிச் சுற்றும் டைனமோவைப் பலரும் பார்த்திருப்பார்கள். டைனோஹப் வேறு மாதிரி. சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே வளையம் போல 20 துருவக் காந்தம் இருக்கும், நடுவில் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் அசையாமல் நிற்கும். சக்கரத்தோடு காந்தம் சுற்ற, விளக்கு எரியும். சத்தம் கிடையாது, டயரும் தேயாது. கிடைப்பது 6 வோல்ட்டில் 2 வாட் அளவுதான். தள்ளிக்கொண்டு நடந்தால் வெளிச்சம் துடிதுடிக்கும், ஏறி மிதித்தால் மஞ்சளாக நிலைத்துவிடும். இரவு ஷிப்ட் முடிந்து அந்த வெளிச்சத்தில்தான் எத்தனையோ வருடம் வீடு வந்து சேர்ந்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு பகலில், நூலகத்து வாசலில் பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். முக்கால் மணி நேரம் இருக்கும். வந்து பார்த்தால் முன்சக்கரத்தைக் காணோம், அதைத் தாங்கும் கவட்டையான போர்க்கு தரையில் ஊன்றிக் கிடக்கிறது, மட்கார்டு நசுங்கியிருக்கிறது. விளக்குக்குப் போகும் இரண்டு ஒயரும் நுனி பிய்ந்து தொங்குகின்றன. ஆக்சில் நட்டைக் கழற்றியவன் ஒயரைக் கழற்றப் பொறுமையில்லாமல் இழுத்திருக்கிறான். ரிம், டயர், கம்பி இவற்றுக்காக நான் கவலைப்படவில்லை, அவை கிடைக்கும். ஹப்தான் போய்விட்டது.

புகார் கொடுக்கப் போன இடத்தில் "பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று" என்று எழுதினார்கள். அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது எனக்கு வாயடைத்துவிட்டது. பின் ஹப்பின் எண் மனப்பாடம். முன் ஹப்பில் ஜி.எச்.6 என்று மாடல் பெயர் இருந்தது தெரியும், அதற்குப் பக்கத்தில் குத்தியிருந்த எண்களைத் துடைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் தாளில் எழுதி வைக்கவில்லை.

"இப்போது வரும் சக்கரம் ஒன்றை மாட்டிவிடேன்" என்று நண்பர்கள் சொன்னார்கள். மாட்டலாம்தான். ஆனால் இன்றைய முன் ஹப் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் அகலம். என் போர்க்கின் இடைவெளி அதைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஆக்சிலும் பருமன் அதிகம், போர்க்கின் காடியில் இறங்காது. அராவிப் பெரிதாக்கலாம் என்றார் ஒருவர். அறுபது வருடத்துக்கு மேல் ஒழுங்காக நின்ற போர்க்கில், பொருந்தாத ஒரு ஹப்புக்காக அரத்தை வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்புறம் பிரேக். ராடு பிரேக்கில் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, உள்பக்கமாக மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதற்கு ஏற்ற வளைவுள்ள ரிம்தான் வேண்டும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று, அதை மாற்றினால் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

சரி, டைனோஹப்பையே தேடுவோம் என்று இறங்கினேன். ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-இல் தைவான் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தப் பெயரில் இன்றும் விளக்கெரிக்கும் ஹப் வருகிறது, ஆனால் என் போர்க்குக்குப் பொருந்தாது. ஆக, பழையதுதான் வேண்டும்.

முதலில் கிடைத்தது தபாலில் வந்தது. வெளியே பளபளவென்று இருந்தது. விரலால் சுற்றினால் காந்தம் கடக் கடக்கென்று நின்று நின்று நகர வேண்டும். இது வழுக்கிக்கொண்டு சுற்றியது. பல்பு மாட்டிப் பார்த்தேன், உள்ளே இழை லேசாகச் சிவந்ததோடு சரி. யாரோ சுத்தம் செய்கிறேன் என்று காந்த வளையத்துக்குள்ளிருந்து காயிலை வெறுமனே உருவியிருக்கிறார்கள். அப்படி உருவினால் காந்தம் வலுவிழந்துவிடும். காயில் வெளியே வர வர, அதே அளவில் ஓர் இரும்பு வளையம் பின்னாலேயே உள்ளே போக வேண்டும், காந்தம் ஒரு நொடிகூட இரும்பில்லாமல் இருக்கக் கூடாது. அந்த வளையத்தை நான் அரை நாளில் கடைந்துவிடுவேன். ஆக்சில் கடையலாம், நட்டு கடையலாம். போன காந்தத்தை லேத்தில் கடைந்து கொண்டுவர முடியாது. டைனோஹப் வைத்திருப்பவர்களே, ஓவராயில் பண்ணக் கொடுக்கும்போது இதை ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பழைய இரும்பு வாங்கி விற்கும் ஓர் இடத்தில், பெடல்களும் செயின் வீல்களுமாகக் கிடந்த குவியலில் ஒரு டைனோஹப் தெரிந்தது. கம்பிகளைக் கட்டிங் பிளேடால் வெட்டி ஹப்பை மட்டும் எடுத்திருந்தார்கள். ஜி.எச்.6, வருடம் 58. எனக்குக் கை நடுங்கியது. விரலால் சுற்றினேன், கடக் கடக்கென்று அருமையாக நகர்ந்தது. என் ஹப்பில் ஒயர் மாட்டும் இரண்டு முனைகளில் ஒன்றின் நட்டு நானே பித்தளையில் கடைந்து போட்டது. மற்றதைவிடச் சற்று உயரமாக இருக்கும். இந்த ஹப்பில் இரண்டு நட்டுமே இல்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது, வேணும்னா எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர்.

அது என்னுடையது என்றால் என் பொருளை நானே காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொருவருடையது என்றால் அவரும் என்னைப் போல எங்காவது தேடிக்கொண்டிருப்பார். வாங்காமல் வந்துவிட்டேன். எடுத்திருக்கலாமே என்று வீட்டில் திட்டு விழுந்தது. எனக்கு அது சரிப்படவில்லை. ஒரு வார்த்தையும் கேட்காமல் நாம் வாங்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு சக்கரத்தின் நட்டு கழல்கிறது.

பிறகு ஒருவரிடம் முறையாகக் கிடைத்தது. விபத்தில் பிரேம் முறிந்துபோன சைக்கிளின் முன்சக்கரத்தைத் துணியில் சுற்றிப் பரணில் பத்திரமாக வைத்திருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார். எந்த சைக்கிளில் இருந்தது, ஹப்பில் குத்தியிருக்கும் எண் என்ன, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தார் என்று நாலு வரி, கீழே கையெழுத்து. நான் கேட்கவே இல்லை, அவராகவே எழுதித் தந்தார். வருடம் 61, என் சைக்கிளைவிட மூன்று வயது இளையது. ரிம் துருவேறியிருந்ததால் புது ரிம்மில் 32 கம்பியும் நானே கோத்தேன். டைனோஹப்பில் ஒரு பக்க விளிம்பு பெரிது, மறுபக்கம் சிறிது. கம்பி நீளம் இரண்டு பக்கமும் வேறு வேறு. அது தெரியாமல் ஒரே அளவில் வாங்கினால் கோட்டம் எடுக்கவே முடியாது.

அந்தத் துண்டுச் சீட்டுப் பழக்கம் எல்லோரிடமும் வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். விற்பவர் எழுதிக் கொடுக்கட்டும், வாங்குபவர் கேட்டு வாங்கட்டும். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஹப், பிரேம் இரண்டிலும் குத்தியிருக்கும் எண்களைக் குறித்து, படமும் எடுத்து வையுங்கள். ஓடுகிற முழு சைக்கிளைப் பிரித்துச் சாமான் சாமானாக விற்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றைப் பிரித்தால் அதன் பிரேம் காயலான் கடைக்குத்தான் போகிறது.

அந்த உயரமான பித்தளை நட்டின் ஓரத்தில் பிடிமானத்துக்காகக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறேன். மேல்முகத்தில் சின்னதாக ஒரு புள்ளிக்குத்து இருக்கும். 58 என்று குத்திய டைனோஹப்பில் அப்படி ஒரு நட்டு எந்த வாசகர் கண்ணிலாவது பட்டால், உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி, உங்கள் நெடுநாள் வாசகன்