அக்காவுக்கு, பாப்பாவின் ட்யூஷன் பற்றி

அக்கா,

பாப்பாவை அந்த ட்யூஷனிலிருந்து நிறுத்திவிட்டேன். அங்கே சொல்லியும் ஆயிற்று. நீ கட்டிய பணத்தை உன் கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நாம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே குரல் உயர்ந்துவிடுகிறது. இங்கே எழுதினால் சித்தப்பா வீட்டிலும் படிப்பார்கள் என்று தெரியும், அதற்கு என்னை மன்னித்துவிடு. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முதலில் எழுத்தா கதையா என்ற இதே குழப்பத்தில் இருக்கிற நண்பர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அப்பாவின் திதியன்று கூடத்தில் நடந்ததை எழுத மாட்டேன். அது நமக்குள் இருக்கட்டும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் ஞாபகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மழை, கரண்ட் இல்லை. பைண்டு செய்த அந்தச் சிறுவர் இதழை உன் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். எனக்கு அப்போது எழுத்தே தெரியாது. நீ தினமும் வாசித்துக் காட்டிய கதை. நீ இழுக்கிற இடத்தில் இழுத்தேன், ராட்சசன் வந்தால் உன்னைப் போலவே தொண்டையை இறுக்கிக்கொண்டேன், பக்கத்தையும் சரியான இடத்தில் திருப்பினேன். அம்மா, "எங்க படிக்கிறான், மனப்பாடமா ஒப்பிக்கிறான்" என்றாள். நீ வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து, "படிக்கத்தாம்மா செய்யறான், விடு" என்றாய்.

பாப்பா இப்போது அதையேதான் செய்கிறாள். ஆனால் அவளிடம் நீ சொன்னது வேறு.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிலவற்றை பிரிண்ட் எடுத்து, நடுவில் ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறோம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், "அப்பா, யானை இன்னும் குளிக்கவே இல்ல" என்று பக்கத்தைப் பின்னால் திருப்புகிறாள். அச்சில் இருப்பது எத்தனை தடவை திறந்தாலும் மாறாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. படிப்பு இங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

அந்த ட்யூஷனில் உயிர்மெய் வரிசையை வரிசையாக எழுதச் சொல்லி நோட்டை நிரப்பினார்கள். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள். காதில் முதலில் விழுவது க், அப்புறம்தான் ஒ. கண்ணுக்கோ முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் துணைக்கால். கொக்குப் படத்தின் கீழே விரலை வைத்த பாப்பா அந்தக் கொம்பிலேயே நின்றுவிட்டாள். அது மந்தம் இல்லை அக்கா. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் பார்க்கிற குழந்தை அங்கே நிற்கத்தான் செய்யும். கொக்கு என்ற சொல்லைக் கதையில் பல தடவை கேட்டு, தானும் சொல்லிப் பழகியிருந்தால், அடுத்த முறை அந்த உருவத்தை அதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். நாலு வயதில் 247 எழுத்தையும் எழுத வைத்து என்ன செய்வது?

இதையெல்லாம் உனக்கு நான் சொல்வதா? தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022லிருந்து வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து, அவரவர் நிலையிலிருந்து சொல்லிக்கொடுப்பவள் நீ. முதல் படியான அரும்பில் இருக்கிற பையனை ஊர் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வாயா? மாட்டாய். ஊரார் பிள்ளைக்குக் காட்டுகிற அந்தப் பொறுமை தம்பி மகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் பயம் புரியாமல் இல்லை. மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைகளை நீ தினமும் பார்க்கிறாய். வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைகளுக்காக நீ உன் சம்பளத்தில் புத்தகம் வாங்கிக் கொடுப்பதும் எனக்குத் தெரியும். சரி, ஒன்றாம் வகுப்பு முடிந்தும் பாப்பா தடுமாறினால் உன்னிடமே கொண்டுவந்து விடுகிறேன். வேறு யாரிடமும் விட மாட்டேன்.

அரைப் பரீட்சை லீவுக்கு வருவாய் அல்லவா. வரும்போது பெரிய படங்களோடு, பக்கத்துக்கு இரண்டே வரி இருக்கிற புத்தகமாகப் பார்த்து வாங்கி வா. நாலுகோடு நோட்டு வேண்டாம். கதையைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆகும், நீ சொல்லு" என்று என்னைக் கேட்பாயே, அப்படி அவளையும் கேள். "இது என்ன எழுத்து" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதே.

தம்பி