மடைச் சாவி கண்மாய்ப் பாசன விவசாயிகளின் கையில் இருக்கட்டும்

தமிழ்நாடு நீர்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிவகங்கைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தை நம்பி நெல் போடுகிற விவசாயி எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறக்குறைய 39,000 உள்ளன. 2016-17இல் விவசாயிகளே சேர்ந்து கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபின் எத்தனையோ ஊர்களில் கரை உயர்ந்தது, மிகுதி நீர் வழியும் கலுங்கு சீரானது. அதற்கு நன்றி. ஆனால் தேங்கிய தண்ணீரை யார் பங்கிடுவது?

முன்பு அதை நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளர் பார்த்தார். தை மாதம், கண்மாய் வற்றும் நேரம், கதிர் பால் பிடிக்கும். மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி, ஒரு வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாமடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார். எத்தனை பெரிய நிலக்காரரானாலும் தன் வாமடையில் தானே கைவைக்கக் கூடாது. வாய்க்காலின் கடைசி வயலான கடைமடை நனைந்தால்தான் முறை மாறும். அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். பல ஊர்களில் அந்த வேலை தலித் மக்களுடையது. ஊருக்கே தண்ணீர் பங்கிட்டவருக்கு ஊர்க்கூட்டத்தில் இடமில்லை. அந்த அநியாயம் திரும்பி வரக் கூடாது. ஆனால் இன்று நீர்க்கட்டியே இல்லாத ஊர்களில் மோட்டார் உள்ளவர் வயல் விளைகிறது, கடைமடை காய்கிறது.

பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்க 2000இலேயே சட்டம் வந்துவிட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தேர்தலும் உண்டு. வருமானமில்லாத சங்கம் எதைக் கொண்டு நீர்க்கட்டிக்குச் சம்பளம் கொடுக்கும்? கண்மாயில் மீன் பிடிக்க விடும் மீன்பாசிக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைச் சங்கக் கணக்கில் சேருங்கள். மடைச் சாவியும் திறக்கும் நாளும் சங்கத்தின் பொறுப்பாகட்டும். குத்தகை விவசாயிகளும் வயலில் இறங்கும் பெண்களும் அதில் வாக்களிக்க வேண்டும்.

பணம் கைக்கு வந்தால் தின்றுவிடுவார்கள் என்பீர்கள். நியாயமான அச்சம்தான். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுத்து, 360 நாள் மட்டுமே பதவி தந்தது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது. அது பிராமணர் சபைக்குள் அடங்கிய ஏற்பாடு. இன்று எல்லாருக்கும் பொதுவாக, கிராம சபையில் ஆண்டுக்கொரு முறை கண்மாய்க் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்காத சங்கத்தைக் கலையுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்துக் கண்மாய்களிலாவது இதைத் தொடங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி