பிறந்தநாள் பிரியாணியும் கரண்ட் பில்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மதத்தின் பேரில் நடக்கும் தொண்டு நிறுவனங்கள் எல்லாமே வெளிநாட்டுப் பணத்தில் கொழிப்பவை என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ மாணவியர் விடுதியில் 22 வருஷம் கணக்கு எழுதியவள் நான். (நெற்றியில் குங்குமத்தோடுதான் போவேன், வருவேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.) கொழித்ததைப் பார்த்த ஞாபகம் இல்லை. மாதக் கடைசியில் மளிகைக்காரரிடம் தவணை சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் அவர் நினைப்பதுபோல் கைக்கு வந்து விழாது. மத்திய அரசிடம் அனுமதி வாங்கிய அமைப்புக்கே வரும். அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். வேறு அமைப்புக்கு மாற்றிவிடவும் வழியில்லை. உள்ளூர்க் காசில் நடந்த காரியமும் இந்த ஊரில் உண்டு. 1903இல் இங்கே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெள்ளைக்காரர் பணம் வேண்டாம் என்று தன் காசிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியது.

எங்கள் விடுதிக்கும் பெரும்பாலும் உள்ளூர்க் காசுதான். ஆனால் அது வருகிற விதம் இருக்கிறதே! பிறந்தநாளா, பெரியவர் நினைவு நாளா, உடனே பிரியாணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டிலிருந்து மூன்று அண்டா வந்து இறங்கியது. மறுநாள் திங்கள்கிழமை பிள்ளைகளுக்கு ரசமும் அப்பளமும்தான். "கரண்ட் பில்லுக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று ஒருவரிடம் கேட்டேன். "எங்க காசு பிள்ளைக வயித்துக்குத்தான் போணும், பாத்துக்கிடுங்க" என்றார். சமைக்கிற அக்காவுக்குச் சம்பளம் கொடுக்காமல் வயிற்றுக்கு எப்படிப் போகும்? இதைச் சொன்னால் கோபம் வேறு.

இன்னொரு குழப்பம் ரசீது. கோயில் காணிக்கை வேறு, விடுதி நன்கொடை வேறு (எங்கள் பக்கம் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம்). வழிபாட்டுக்குப் போட்ட உண்டியல் காசுக்கு 80ஜி சான்று (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவுவது) கேட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தச் சான்று பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் மதக் காரியத்துக்குச் செலவழிக்கக் கூடாது. அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு நோட்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச் சலுகையும் கிடையாது. இது மடம், மசூதி, சர்ச் யார் நடத்தும் அறக்கட்டளைக்கும் பொது.

சரி, எல்லாரும் யோக்கியர் என்று நான் வாதாடவில்லை. ஓய்வுபெற்ற பின் என் அம்மா திதிக்கு ஒரு முதியோர் இல்லத்துக்கு 5,000 ரூபாய் அனுப்பினேன். மூன்று தடவை போன் போட்டும் ரசீது வரவில்லை. கடைசியில் "சாமி கணக்குல வரவு வச்சாச்சும்மா" என்றார்கள். சாமிக்கு ஆடிட்டர் யாரென்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் அங்கே அனுப்பவில்லை.

வாசகருக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை எந்த இல்லத்துக்குப் போனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து போன வருஷத்து தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். எங்கள் விடுதியில் அது மேஜையின் இடதுபக்க இழுப்பறையில் இருக்கும். 22 வருஷத்தில் கேட்டு வாங்கிப் படித்தவர் இரண்டே பேர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருமாள்புரம், திருநெல்வேலி