சோடியம் பற்றரி வரும்வரை காத்திருக்கும் அக்கரைப்பற்றுக் காக்காவுக்கு

அன்புள்ள காக்கா,

ஸலாம். கூல் பாருக்குச் சோலார் போடும் பேச்சு வந்தாலே, "சோடியம் பற்றரி வரட்டும், விலை இறங்கும்" என்று தள்ளிப்போடுகிறீர்கள். காத்திருப்பது பிழையில்லை. ஆனால் பனல், பற்றரி, இன்வேட்டர் மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

பனலுக்குக் காத்திருந்து பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதன் விலை ஏற்கெனவே நன்றாக விழுந்துவிட்டது. பனலைத் தாங்கும் சட்டம், வயர், கூலி எல்லாம் அப்படி விழாது. கடைக்காரர் பேர்க் (PERC) என்ற பழைய ரகப் பனலை மலிவாகத் தந்தால் தயங்காமல் எடுங்கள். வெயிலில் பனல் 65 பாகைவரை சுடும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் பேர்க் சுமார் 0.35 வீதம் இழக்கும், டொப்கொன் (TOPCon) என்ற புதிய ரகம் சுமார் 0.30 வீதம். 40 பாகைக்குக் கூட்டினால் வித்தியாசம் 2 வீதம்தான். மிஞ்சும் காசில் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்குங்கள்; உப்புக்காற்று சாதா போல்ட்டைத் தின்றுவிடும். 1978 சூறாவளி கண்ட கரை இது, கிளாம்ப் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பற்றரிதான் உங்கள் தலையிடி. இரண்டு டீப் ஃப்ரீசர், ஒரு ஃப்ரிட்ஜ், லைட் எல்லாம் சேர்த்துச் சராசரி 500 வாட் என்று வைப்போம். 4 மணித்தியாலம் கரண்ட் போனால் 2 யூனிட். 51.2 வோல்ட் 100 ஏ.எச். (அம்பியர் மணி) லித்தியம் பற்றரி ஒன்றிலேயே 5 யூனிட் இருக்கிறது. ஒன்று போதும், இரண்டாவதுக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஈயப் பற்றரி கொள்முதலில் மலிவு, ஆனால் அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். பிறகு புதியதைச் சேர்த்தால் பழையது அதையும் இழுத்து விழுத்தும்.

சோடியத்தை சீனாவின் சி.ஏ.டி.எல். பற்றரிக் கம்பனி 2021இலேயே அறிமுகப்படுத்தியது. குளிரில் நன்றாக இயங்கும் என்பது அதன் பெரிய பெருமை. அக்கரைப்பற்றில் அந்தப் பெருமையை வைத்து என்ன செய்வது? இன்னொரு சிக்கலும் உண்டு. சோடியம் செல்லின் வோல்ட் சுமார் 1.5இலிருந்து 4 வரை ஏறி இறங்கும்; பல செல்லைத் தொடுத்த பற்றரியின் வோல்ட்டும் அதே அளவுக்கு ஆடும். இன்றைய 48 வோல்ட் இன்வேட்டர்கள் பெரும்பாலும் 40–60 வோல்ட்டுக்குள் ஓடுபவை. பற்றரியில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே இன்வேட்டர் "முடிந்தது" என்று நின்றுவிடலாம். மலிவுப் பற்றரிக்காக இன்வேட்டரையும் மாற்ற வேண்டி வந்தால் அது என்ன மலிவு?

இன்வேட்டரில் மட்டும் புதுசுக்குப் பாயாதீர்கள். இப்போதுதான் இறங்கிய மொடலென்றால் விட்டுவிடுங்கள். உள்ளே உள்ள சர்க்கிட் போர்ட் எரிந்தால் உதிரி நாட்டுக்குள் இருக்கிறதா, திருத்த எத்தனை கிழமை என்று கேளுங்கள். எந்தெந்தப் பற்றரியின் பி.எம்.எஸ். (பற்றரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் போர்ட்) உடன் அது பேசும் என்ற பட்டியலையும் கொட்டேஷனோடு எழுத்தில் வாங்குங்கள். ஒரே பிராண்டோடு மட்டும் பேசுகிறதென்றால் நாளைக்கு அவன் சொல்வதுதான் விலை. கம்ப்ரசர் கிளம்பும்போது ஓட்டக் கரண்டைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். ஆகவே 500 வாட் என்று பார்த்து 1 கிலோவாட் எடுக்க வேண்டாம், 5 கிலோவாட் எடுங்கள். இரண்டாவது ஃப்ரீசருக்கு கரண்ட் வந்து சற்றுத் தாமதித்தே இயக்கும் ஒரு டிலே பிளக் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பாது.

வேலையை மாரி முடிந்து மாசியில் வையுங்கள். நனைந்த தகரத்தில் சிலிக்கன் ஒட்டாது, ஆணி அடித்த ஓட்டையெல்லாம் கடைக்குள் ஒழுகும்.

அன்புடன்,
தம்பி