பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சுகாதாரச் சமத்துவத்தை (மருத்துவம் எல்லோருக்கும் சமமாக எட்டுவதை) கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

வழி: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முக்கூடல் பகுதியில் நான் வீடு வீடாகச் சென்ற தெருக்களில் பெண்கள் பலரும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுபவர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலி என்பதால், காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று திரும்புகிறவளுக்கு அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். மாலையில் கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு அவள் வரும்போது புறநோயாளர் பிரிவு முடிந்திருக்கும். புகையிலைத் தூள் மூச்சோடு உள்ளே போவதும், நிக்கோட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறுவதும் மருத்துவம் அறிந்தவையே. ஆனால் இருமலோடு வந்தவளின் சீட்டில் வயதையும் ஊரையும் எழுதிய நாங்கள், அவள் தொழிலை எழுதவில்லை. ஆகவே அந்த இருமல் எந்தக் கணக்கிலும் பீடித் தொழிலாளியின் இருமலாக ஏறவில்லை. இந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதாலேயே இம்மனுவை எழுதுகிறேன்.

பீடித் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் உதவிய மத்திய அரசின் நலநிதிக்கென வசூலித்த செஸ் என்னும் தனி வரி, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே இப்பெண்கள் கேட்க வேண்டிய இடம் தங்கள் துறைதான்.

நாட்டுக்கே முன்னோடியான நம் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், திருவிழாக் கூட்டம் என அன்றைய தேவைகளை விரிவாகப் பேசுகிறது. ஒருவருக்குக் கிடைக்கும் மருத்துவம் அடுத்த தெருவில் இருப்பவருக்கு ஏன் எட்டவில்லை என்று அது கேட்பதில்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்ததை நான் நன்றியுடன் நினைக்கிறேன். எனினும் ஒரு திட்டத்தை அடுத்து வரும் அரசு நிறுத்திவிடலாம், சட்டத்தை அவ்வளவு எளிதில் நிறுத்த முடியாது. இராஜஸ்தான் 2023-இல் சுகாதார உரிமைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

ஆகவே, எந்தச் சுகாதாரத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருமுன் அது யாரை எட்டாது, ஏன் எட்டாது என்பதை எழுத்தில் பதிந்து சட்டமன்றத்தில் வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இயற்றுமாறு வேண்டுகிறேன். நோயாளியின் தொழிலையும் வாழிடத்தையும் பதிவு செய்வதும், தேவையுள்ள ஊர்களில் மாலைநேரப் புறநோயாளர் பிரிவு நடத்துவதும் அதன் விதிகளில் இடம்பெற வேண்டும். காரையாறு அணையைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் இஞ்சிக்குழி ஊரின் காணிப் பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகையைக் கொண்டு மட்டும் சுகாதார நிலையம் ஒதுக்குவது பொருந்தாது. பயண நேரத்தையும் அளவாகக் கொள்ள வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தால் பீடி சுற்றும் பெண்கள் சிலரோடு நேரில் வருகிறேன். அவர்களின் ஒருநாள் கூலி போகாதபடி அதை ஞாயிற்றுக்கிழமையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்